அவர் லண்டனில், நான் உப்புவெளியில்: காத்திருப்பதா, போவதா?

கேள்வி, 16 ஆகஸ்ட் 2025, காலை

போன வருடம் ஆனியில் எழுத்து (விவாகப் பதிவு) முடிந்தது. அவர் லண்டனில் பெற்றோல் செட்டில் வேலை, அந்த நாட்டுப் பிரஜை. ஒரு மாத லீவில் வந்தார், கலியாணம் முடித்தார், போனார். "ஆறு மாதத்தில் கூப்பிடுவார்" என்று சொல்லித்தான் பேசிச் செய்தார்கள். இப்போது சம்பளம் காணாது என்கிறார். மாமி, "பிரிஞ்சிருந்தால் பாசம் கூடும், பொறு" என்கிறா. அண்ணா, "ஸ்டுடன்ட் விசா போட்டுப் போ" என்கிறார். தெரிந்த ஏஜென்சிக்காரர் ஒருவர் கலியாணம் ஆனதைக் காட்டாமலே போடலாம் என்கிறார். எனக்கு 27 வயது. ஒரு கம்பனியில் கணக்கு வேலை செய்கிறேன். எப்படியும் போகப் போகிறாய்தானே, வேலையை விடு என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

16 ஆகஸ்ட், இரவு

வேலையை விடாதீர்கள் தங்கச்சி. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

நான் திருமலை (திருகோணமலை) நகரில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி என்று விசாவுக்குப் போகிற தாள்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. என் கணவர் 2012 முதல் அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். அதனால் மேசையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

"சம்பளம் காணாது" என்ற ஒற்றை வரியோடு உங்களை விட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதில்தான். எவ்வளவு காணாது? பிரித்தானியாவில் துணையைக் கூப்பிட 2012 ஜூலையிலிருந்து வருடத்துக்கு 18,600 பவுண் வருமானம் கேட்டார்கள். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000. அதற்கும் மேலே 38,700 வரை கொண்டுபோவோம் என்று 2023 டிசம்பரில் அறிவித்தார்கள், அந்த ஏற்றம் நின்றுபோய் இப்போதும் 29,000 இல் இருக்கிறது. உங்கள் எழுத்து 2024 ஆனியில். அப்போதே தொகை உயர்ந்துவிட்டது. பேச்சுக்கால் நடந்தபோது சாதகம் பார்த்தவர்கள் இதையும் பார்த்திருக்கலாம்.

நீங்கள் இங்கே வாங்குகிற சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. அவருடையதுதான் கணக்கு. அதுவும் சம்பளச் சீட்டிலும் வங்கிக் கூற்றிலும் தெரிகிற காசு மட்டும். கடைகளிலும் பெற்றோல் செட்டுகளிலும் பாதியைக் கையில் கொடுப்பது உண்டு. கையில் வாங்கியதை எங்கும் காட்ட முடியாது.

இன்றிரவு கோல் எடுக்கும்போது கேளுங்கள்: சீட்டில் எவ்வளவு? ஒரே முதலாளியிடம் எத்தனை மாதம்? சேமிப்பு இருக்கிறதா? பதிலை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு பைல் அவரிடம் இருந்தால் அதே பைல் உங்களிடமும் இருக்க வேண்டும்.

18 ஆகஸ்ட்

சீட்டில் 24,000 என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, இனிக் கணக்குப் போடலாம்.

குறைவது 5,000. குறைகிற தொகையைச் சேமிப்பால் நிரப்ப விடுகிறார்கள். குறைவதை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 கூட்ட வேண்டும். 12,500 உம் 16,000 உம் சேர்த்து 28,500 பவுண். அந்தக் காசு ஆறு மாதம் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அவர் பெயரிலோ உங்கள் பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருக்கலாம். பெற்றோர் அன்பளிப்பாகக் கொடுத்ததும் சரி, கடன் வாங்கிப் போட்டது சரிவராது. வருமானமே இல்லாதவர் முழுவதையும் சேமிப்பால் காட்டுவதென்றால் 88,500 வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு உங்கள் அப்பா சீதனக் காணியை விற்க ஓட வேண்டாம். வருடத்துக்கு 5,000 பவுண் என்பது சனி ஞாயிறில் ஒரு இரண்டாவது வேலை. இரண்டு வேலையின் சம்பளத்தையும் கூட்டிக் காட்டலாம். ஆறு மாதச் சீட்டு சேர்ந்ததும் விண்ணப்பிக்கலாம்.

கட்டணத்தையும் இப்போதே மனதில் வையுங்கள். இந்த 2025 இல் இங்கிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண். சுகாதார வரி வருடத்துக்கு 1,035. முதல் விசா 33 மாதம், அதை மூன்று வருடமாகக் கணக்கிட்டு 3,105 வாங்குவார்கள். இரண்டையும் சேர்த்தால் ஐயாயிரத்துக்கு மேல். "சம்பளம் காணாது" என்றவர் இதையும் யோசித்துத்தான் வாய் திறக்காமல் இருந்திருப்பார். ஆண்கள் பலர் காசு இல்லை என்பதை மனைவியிடம் சொல்ல வெட்கப்பட்டு மாதக்கணக்கில் கதையை மாற்றுவார்கள். சண்டை பிடிக்காமல் கேளுங்கள்.

24 ஆகஸ்ட்

மாமி சொன்னதற்கு வருகிறேன். பிரிந்திருந்தால் பாசம் கூடும் என்பது பிரிந்திருக்காதவர்கள் சொல்வது.

என் கணவர் 2012 இல் படகில் போனார். அந்த வருடம் திருமலை, மட்டக்களப்பு, நீர்கொழும்புக் கரைகளிலிருந்து படகுகள் போய்க்கொண்டே இருந்தன. மகன் அப்போது தவழுகிற வயது. இவர் போய்ச் சேர்ந்தது ஒக்டோபரில். ஆகஸ்ட் 13 க்குப் பிறகு படகில் வந்தவர்களுக்கு அந்த நாடு தனிச் சட்டம் வைத்திருந்தது. முதல் வருடங்களில் வேலை செய்யவும் அனுமதி இல்லை. பிறகு பாதுகாப்புக்கென்று ஒரு தற்காலிக விசா, ஐந்து வருடத்துக்கு. அந்த விசாவில் இருக்கிறவர் மனைவி பிள்ளையைக் கூப்பிட முடியாது. தொகை, மொழிப் பரீட்சை என்று எதையும் கேட்டு மறுக்கவில்லை, கூப்பிடுகிற வழியே அந்த விசாவில் இல்லை. சொந்த நாட்டுக்கு வரவும் முடியாது. மூன்றாம் நாட்டுக்குப் போவதென்றால் இரக்கப்படத்தக்க காரணம் காட்டி எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

இவருடைய அம்மாவை வைத்தியத்துக்குத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது அந்த அனுமதி கிடைத்தது. நானும் மகனும் போனோம். விமான நிலைய வாசலில் மகன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். ஆளைப் பார்த்து அவன் அசையவில்லை. இவர் அவனுடைய வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். போனில் கேட்டுப் பழகிய அந்தக் குரல் வந்ததும்தான் எட்டிப் பார்த்தான். இவர் அவனுக்கு வாங்கி வந்த சப்பாத்து இரண்டு அளவு சின்னது. வீடியோவில் பார்த்துப் பார்த்து மதித்திருக்கிறார். அவன் குதியை மிதித்துக்கொண்டு அதைத்தான் அந்த வாரம் முழுக்கப் போட்டான், கழற்ற மாட்டேன் என்றுவிட்டான்.

பாசம் இருந்தது, இருக்கிறது. அது கூடியது பிரிவினால் இல்லை. ஒவ்வொரு நாளும் கூப்பிட்டதினால், காய்ச்சல் வந்ததைச் சொன்னதினால், காசு இல்லாததைச் சொன்னதினால். அதைச் செய்யாதவர்களும் என் மேசைக்கு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவருவது விவாகரத்துத் தீர்ப்பு.

31 ஆகஸ்ட்

மேலே நிறுத்திய இடத்திலிருந்து. 2023 பெப்ரவரியில் அவுஸ்திரேலிய அரசு அந்தத் தற்காலிக விசாக்காரர்கள் நிரந்தர விசாவுக்கு மாறலாம் என்று அறிவித்தது. ஏறத்தாழ 19,000 பேருக்குப் பொருந்தியது. நிரந்தரம் வந்ததும் துணையைக் கூப்பிடலாம். எங்கள் விண்ணப்பம் போன வருடம் போனது, கட்டணமே ஒன்பதாயிரம் டொலருக்கு மேல். முடிவு இன்னும் வரவில்லை.

பைல் விசயத்தை நான் பிடித்துக்கொள்வது இதனால்தான். வருடக்கணக்காக எல்லாத் தாளும் அவரிடமே இருந்தது. "கடிதம் வந்ததா" என்றால் "வந்தது, ஒன்றும் இல்லை" என்பார். கடைசியில் பிடிவாதமாக எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு பழைய நேர்காணல் படிவத்தில் மகனின் பிறந்த வருடம் மாறி இருந்தது. அன்று மொழிபெயர்த்தவர் கேட்டு எழுதியதோ என்னவோ. அப்படியே போயிருந்தால் இது யாருடைய பிள்ளை என்று கேட்டிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழோடு ஒரு சத்தியக்கடதாசி வைத்துத் திருத்தினோம். அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கக் கூடிய ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான், படிவமோ என்னிடம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அந்த அறிவிப்பு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களின் மனைவிமார் எங்கள் பக்கத்துக் கிராமங்களிலேயே இருக்கிறார்கள். 2023 இல் 22 பெண்கள் மெல்பேர்னிலிருந்து கன்பரா வரை நடந்தே போய் நிரந்தர விசா கேட்டார்கள். இங்கே ஒருத்தி அந்தச் செய்தியைப் போனில் வைத்திருந்து என்னிடம் காட்டினாள், அதில் தன் புருசன் தெரிகிறானா என்று பார்க்கச் சொன்னாள். நடந்தது பெண்கள் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

5 செப்டெம்பர்

நேற்று பிரித்தானியா, அகதி அந்தஸ்து பெற்றவர்கள் குடும்பத்தைக் கூப்பிடுகிற வழியில் புதிய விண்ணப்பம் எடுப்பதை நிறுத்திவிட்டது. காலையிலிருந்து எனக்கு வட்ஸ்அப்பில் இதே கேள்வி.

உப்புவெளித் தங்கச்சி, உங்களை இது தொடாது, உங்கள் கணவர் பிரஜை. தொடுவது நாட்டை விட்டுப் போவதற்கு முன்பே கலியாணம் செய்து மனைவியையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் விட்டுப்போன ஆட்களை. அவர்களுக்கு அந்த வழியில் கட்டணமும் இல்லை, வருமானத் தொகையும் இல்லை. இனி அவர்களும் அந்த 29,000 வரிசையில்தான் நிற்க வேண்டும். நேற்றைக்கு முன் விண்ணப்பித்தவர்களின் விண்ணப்பம் தொடரும். சம்பூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் போன மாதம் "தேர் முடியட்டும், பிறகு போடலாம்" என்றிருந்தார். நான் நெருக்கிச் சொன்னதில் ஆகஸ்டிலேயே போட்டுவிட்டார். இன்று காலை கோல் எடுத்து அழுதார். எனக்கும் கை நடுங்கியது.

13 செப்டெம்பர்

அந்த ஏஜென்சிக்காரர் விசயம். இதைப் பலமுறை வாசியுங்கள்.

கலியாணம் ஆனதை மறைத்து ஸ்டுடன்ட் விசா போடுவது ஏமாற்று. பிரித்தானியா அதைக் கண்டுபிடித்தால் பத்து வருடம் வரை விண்ணப்பங்களை மறுக்கும். நீங்களோ ஒரு வருடத்தில் அதே புருசனின் பெயரில் துணை விசா கேட்கப் போகிறீர்கள். அப்போது இந்த எழுத்துத் திகதியைத்தான் காட்ட வேண்டும். மறைத்ததை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள்.

கனடாவில் இது இன்னும் கொடுமை. பொய்த் தகவலுக்கு ஐந்து வருடத் தடை. அதைவிட, நிரந்தர வதிவிடம் பெறும்போது மனைவியையோ பிள்ளையையோ சொல்லாமல் விட்டால், பிறகு அவர்களைக் குடும்பமாகக் கூப்பிட முடியாது, வாழ்நாள் முழுக்க. 2019 முதல் சிலருக்கு விலக்கு கொடுக்கிறார்கள், எல்லோருக்கும் இல்லை. "தனி ஆள் என்று எழுது, கேஸ் லேசாகும்" என்று சொல்லி அனுப்பிய பேர்வழிகளால் எத்தனை வீடு உடைந்தது. ஒரு பேனாக் கோடு. அப்படி விடுபட்ட ஒரு பிள்ளை இங்கே ஏ.எல். முடித்துவிட்டது.

கெயார் விசா என்று காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். பிரித்தானியாவில் பராமரிப்பு வேலைக்கு வருபவர்கள் குடும்பத்தைக் கூட்டி வருவது 2024 மார்ச் 11 உடன் நின்றது. வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதே இந்த வருடம் ஜூலை 22 உடன் நின்றுவிட்டது.

21 செப்டெம்பர்

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா எழுதியிருக்கிறார். "நீங்கள் லண்டன், கனடா என்று பேசுகிறீர்கள். என் மனைவி குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். நானும் மூன்று பிள்ளைகளும் இங்கே. எங்களுக்கு என்ன விசா இருக்கிறது?"

இல்லை நானா. வளைகுடாவில் வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் குடும்பத்தைக் கூப்பிடுகிற வழி இல்லை. அங்கே எல்லாம் சம்பளத்தின் மீது. அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 உம் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை வைத்திருக்கலாம். கட்டாரில் தனியார் துறையில் இருப்பவருக்கு 10,000 ரியால் என்று வைத்தார்கள். மூதூரிலும் கிண்ணியாவிலுமிருந்து போகிற டிரைவருக்கும் மேசனுக்கும் அது எட்டாது, வீட்டுக்குள் வேலை செய்கிற பெண்ணுக்குப் பேச்சே இல்லை.

நானா எழுதியதில் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. மகளுக்குத் தலை பின்னப் பழகினாராம். முதலில் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் அனுப்பியிருக்கிறார். பிள்ளை தினமும் போக வெட்கப்பட்டிருக்கிறது. மனைவி வீடியோவில் போனைச் சுவரில் சாத்திவைத்து, தன் தலையிலேயே பின்னிக் காட்டியிருக்கிறாள். அவளுக்கு அங்கே கிடைக்கிற ஓய்வு இரவு பதினொரு மணிக்குப் பிறகு. இவர் அதைப் பார்த்து ஒரு கயிற்றுத் துண்டில் பழகி, காலையில் பிள்ளையின் தலையில் பின்னியிருக்கிறார். இதை எழுதிவிட்டு, "ஆம்பிளைக்கு இதெல்லாம் எழுத ஒரு மாதிரி இருக்கு" என்று முடித்திருந்தார். எழுதுங்கள் நானா. இதைத்தான் எழுத வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிற தாய்மாருக்கு 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வீட்டுப் பணிக்குப் போக முடியாது. 2022 இல் அந்த வயதை இரண்டாக்கினார்கள். போகிற தகப்பனிடம் ஒருவரும் அப்படி ஓர் அறிக்கை கேட்டதில்லை. பிள்ளையைப் பார்க்க இந்த நானா போல ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று அந்தத் தாளில் எழுத இடமிருந்தால் நன்றாக இருக்கும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு. எத்தனை ஒப்பந்தம், எந்தக் கடன் அடையும் வரை என்று இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுத் திகதி வையுங்கள். அது இல்லாமல் போனால் ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் ஓடு மாற்ற வேண்டும், மதில் கட்ட வேண்டும் என்று அடுத்தது வந்துகொண்டே இருக்கும். மற்றது, அவளுடைய வேலை ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, காப்புறுதி, பாஸ்போர்ட் பக்கம், வேலை வீட்டு முகவரி எல்லாம் உங்கள் அலுமாரியில் இருக்கட்டும். சம்பளம் நின்றால், சுகமில்லாமல் போனால், இங்கே பணியகத்தில் போய் நிற்கப் போவது நீங்கள்தான். கையில் தாள் இல்லாமல் நிற்கிறவரை நாளைக்கு வா என்பார்கள்.

28 செப்டெம்பர்

நேற்று நிலாவெளியிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள், கனடாக் கேஸ். உறவு உண்மை என்று காட்ட வட்ஸ்அப் உரையாடலில் சில மாதங்களை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். இரண்டு தாளை மடித்துத் தனியாக வைத்தாள். "அக்கா, இது வேண்டாம். சண்டை."

வாசித்தேன். அவளுடைய பிறந்தநாளுக்கு அவன் கோல் எடுக்கவில்லை. அவள் நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டிருக்கிறாள். அவன் பதில் போடவில்லை. அடுத்த நாள் விடிய அவனுடைய செய்தி: "அங்க மழையாமே. கூரை ஒழுகுதா?" இவள்: "ஒழுகுது. சட்டி வச்சிருக்கு." அவன் உடனே காசு அனுப்பிய ரசீது.

அந்த இரண்டு தாளையும் முதலில் வைக்கச் சொன்னேன். ஒருவரை ஒருவர் தேன், கண்ணே என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தால்தான் எனக்கே சந்தேகம் வரும். கலியாணப் படத்திலும் அப்படித்தான். ஸ்டூடியோவில் இரண்டு பேரும் வானத்தைப் பார்க்கிற படத்தைக் குறைத்து, கோணேசர் கோயில் படியில் பெரியம்மாவும் சித்தப்பாவும் பிள்ளைகளும் நெரிந்துகொண்டு நிற்கிறதைக் கூட்டுங்கள்.

6 ஒக்டோபர்

நேற்று மெல்பேர்னில் நேரம் மாற்றியாயிற்று. நாலரை மணித்தியால வித்தியாசம் ஐந்தரை ஆகிவிட்டது. இவர் விடிய வேலைக்குப் போகிறவர், ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார். முன்பு அவருடைய ஒன்பது இங்கே நாலரை. மகன் நாலுக்கு டியூஷன் முடிந்து வந்தால் அரை மணித்தியாலம் இருந்தது. இப்போது அவருடைய ஒன்பது இங்கே மூன்றரை. ஒவ்வொரு ஒக்டோபரிலும் இந்த அரை மணித்தியாலம் பறிபோகும். இந்த முறை மகன் தானே போய் ஆசிரியரிடம் கேட்டு வெள்ளி வகுப்பைச் சனிக்கு மாற்றிக்கொண்டான்.

லண்டன்காரருக்கு 26 ஆம் திகதி மாறும், அங்கேயும் ஐந்தரை ஆகும். முன்கூட்டியே பேசி வையுங்கள். கோல் வராத முதல் நாளில்தான் தேவையில்லாத யோசனை எல்லாம் வரும்.

19 ஒக்டோபர்

நாளை தீபாவளி. பலகாரம் சுட்டு முடித்துவிட்டு இருக்கிறேன்.

ஸ்டுடன்ட் விசாவைப் பற்றி அண்ணா சொன்னதை நான் இதுவரை தொடவில்லை. ஏஜென்சிக்காரர் சொன்னதோடு அதுவும் சேர்ந்து அடிபட்டுவிட்டது. அது நியாயமில்லை. கலியாணத்தை மறைக்காமல், உண்மையான படிப்புக்குப் போவது நேர்மையான வழிதான். அங்கே போய்ச் சேர்ந்து வாழலாம், பிறகு அந்த நாட்டுக்குள்ளேயே துணை விசாவுக்கு மாறலாம். வேலை செய்ய அனுமதி உள்ள நிலையில் நீங்கள் அங்கே உழைக்கிற காசும் 29,000 இல் சேரும். இங்கே உழைப்பது சேராது, அங்கே உழைப்பது சேரும்.

ஆனால் காசைப் பாருங்கள். ஒரு வருட முதுகலைக்குப் பல இடங்களில் 15,000 பவுணுக்கு மேல் கேட்கிறார்கள். புருசன் அங்கே இல்லாவிட்டாலும் அந்தப் படிப்பை நீங்கள் படிப்பீர்களா? ஆம் என்றால் போங்கள், கணக்கியலில் தகுதி கூடுவது வாழ்நாளுக்கும் உதவும். போய்ச் சேருவதற்கு மட்டும்தான் படிப்பு என்றால், அவருடைய சனி ஞாயிறு வேலை போதும், அந்தக் கட்டணத்துக்குக் கடன்பட வேண்டாம்.

வேலையை விட வேண்டாம் என்று முதல் வரியில் சொன்னேன். அதற்குக் காரணம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். எழுத்து முடிந்த கையோடு வேலையை விட்டுவிட்டு, எந்த நேரமும் விசா வரும் என்று சூட்கேஸ் வாங்கி வைத்த பெண்கள் எனக்குத் தெரியும். இரண்டாம் வருடத்தில் அவர்களிடம் ஊரார் கேட்கிற ஒரே கேள்வி "எப்ப போறீங்க?" கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள், சந்தைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். கையில் சொந்தக் காசு இல்லாததால் ஆங்கிலப் பரீட்சைக்குக் கூட அவனிடம்தான் கேட்க வேண்டும். நான் மொழிபெயர்ப்புப் பரீட்சைக்குப் படித்தது இவர் போன பிறகு. அந்த வேலை இல்லாவிட்டால் இத்தனை வருடத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.

2 நவம்பர்

ஒருவர் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். குடும்பம் 1990 இல் திருமலையிலிருந்து தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனது. அரசு எடுத்திருந்த சம்பூர்க் காணி விடுபட்டதும் அப்பா 2016 இல் திரும்பினார். தங்கையின் படிப்பு முடியட்டும் என்று அம்மா அங்கேயே நின்றா. ஒரு வருடம் என்று நினைத்தது இத்தனை காலமாகிவிட்டது.

இதையும் எல்லை கடந்த பிரிவு என்றுதான் சொல்ல வேண்டும், கடல் ஒடுக்கமாக இருப்பதால் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. படகில் போனவர்களிடம் பாஸ்போர்ட் இல்லை. திரும்ப, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயணப் பத்திரமும் இந்தியாவின் வெளியேறும் அனுமதியும் வேண்டும். அங்கே பிறந்த தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவு செய்யாவிட்டால் அதை முதலில் அதே தூதரகம் ஊடாகச் செய்யுங்கள், அது இல்லாமல் பயணப் பத்திரம் நகராது. 2015 ஜனவரி 9 க்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து இந்தியா இந்தச் செப்டெம்பரில் விலக்குக் கொடுத்திருக்கிறது. கடவுச்சீட்டு இல்லாமல் இருந்ததற்குத் தண்டனை வருமோ என்ற பயத்தை அது குறைக்கும். அது பிரஜாவுரிமை இல்லை. அப்பா யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது இப்போது முடியும், சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் இருக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள். வயதானவர்களுக்கு தாள் வேலை முடியும் வரை பொறு என்று சொல்லாதீர்கள்.

9 நவம்பர்

உப்புவெளித் தங்கச்சி எழுதியதைக் கண்டேன். அவர் செப்டெம்பரிலிருந்து வார இறுதியில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார், சம்பளம் வங்கிக்கு வருகிறது, சீட்டுகளை மாதாமாதம் உங்களுக்கு அனுப்புகிறார். ஆறு சீட்டு சேரப் பெப்ரவரி முடியும். ஆங்கிலப் பரீட்சையை இப்போதே எழுதலாம், அந்தச் சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். காசநோய்ப் பரிசோதனையை இப்போது செய்யாதீர்கள், அது ஆறு மாதம்தான் செல்லும். ஜனவரிக்குப் பிறகு கொழும்புக்குப் போங்கள்.

16 நவம்பர்

பாலையூற்றிலிருந்து சுவிஸ் பற்றிக் கேட்டவருக்கு. அங்கே குடும்பத்தைக் கூப்பிடக் காலக்கெடு உண்டு: ஐந்து வருடம். பிள்ளைக்கு 12 வயது தாண்டினால் ஒரு வருடம்தான். வீடு கட்டி முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு வரும் தையில் 12. வீடு நிற்கட்டும், விண்ணப்பம் மார்கழிக்குள் போகட்டும். இன்றைக்கே அவரிடம் வதிவிட அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், திகதியை நீங்களே பாருங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரும் அவருடைய அட்டையில் உள்ள பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். மாறியிருந்தால் சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வாருங்கள், பத்து மணிக்குப் பிறகு இருப்பேன்.